டிராகன் நிஜம், அவதான் பொய்

அந்த வீட்டு டிவி முன்னால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். தீர்ப்பு சொல்லும் உரிமை மட்டும் ஒருத்திக்குத்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள் அவள். வெளியே என்ன பேரோ, வீட்டில் புருஷனும் மகளும் வைத்த பேர் ஜட்ஜம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்கம்பக்கத்துக்கும் அதுவே பழகிவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொண்டாலும் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அனிமே என்கிற ஜப்பான் பாணி கார்ட்டூனுக்குப் பைத்தியம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பெரிய கண்ணும் ஊதா முடியுமாக யாராவது டிவியில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அப்பாக்காரர் சோபாவில் நீட்டிப் படுத்துவிடுவார். மகள் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். ஜட்ஜம்மா துவைத்த துணியை மடித்துக்கொண்டே அரைக்கண்ணால் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று "நிஜம்" என்பாள், இல்லாவிட்டால் "பொய்" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவளுக்கு ரோபோ வந்தால் ஆட்சேபணை இல்லை. நரி பேசினால் ஆட்சேபணை இல்லை. ஒரு தடவை ஒரு பையன் மலையெல்லாம் தாண்டிப் பறந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக எதிரியோடு சண்டைக்கு நின்றான். மகள் மூச்சுகூட விடாமல் பார்க்கிறாள், பின்னாலிருந்து "பொய்" என்று குரல்.

"இது அனிமேம்மா! அவன் பறப்பான், அதான் கதை!"

"பறக்கறான், பறக்கட்டும், யாரு வேணாம்ன்னா? அவ்வளவு தூரம் வந்தவன் ஒரு வாய் தண்ணி கேட்டானா? மூச்சு வாங்கினானா? என்ன பொய் வேணா சொல்லலாம்டி, ஆளப் பத்திப் பொய் சொல்லக் கூடாது."

மகள் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. வளர்ந்து, வரைந்து, வரைந்து கிழித்து, கடைசியில் அனிமே எடுக்கிற ஒரு ஸ்டூடியோவிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேலை வேறு ஊரில். தோழியோடு ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, முடிந்தபோது வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தவள், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து டிவியில் மாட்டினாள்.

"எங்க புது சீரியலோட முதல் பாகம். இன்னும் வெளியே விடல. இதுல வர ஒரு ஆள நானே பண்ணியிருக்கேன். உருவம், நடை, பேச்சு எல்லாம் என்னோடது. முதல் தடவையா எனக்குக் குடுத்தாங்க."

"அடி என் கண்ணே!" ஜட்ஜம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். "யாரு, யாரு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா என் பக்கம் சாஞ்சிடுவ. டைரக்டருக்கு அந்த ஆள் பிடிக்கல. ரொம்ப ஓவரா இருக்கு, உலகத்துல இப்படி யாரும் இருக்க மாட்டாங்கன்னு சொல்றார். திங்கக்கிழமை மதியம் மீட்டிங். வெச்சுக்கறதா, தூக்கிடறதான்னு முடிவு பண்ணிடுவாங்க. நீ பார்த்துட்டு எப்பவும் போல சொல்லு. நீ பொய்ன்னா நானே தூக்கிடறேன்."

சொல்லும்போது சிரித்தாள்தான். ஆனால் தரையில் உட்கார்ந்தவள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அப்பா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மனுஷன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.

கதை மேகத்துக்கு மேலே இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. சிறகு முளைத்த ஒரு சின்னப் பெண் அங்கே டாக்டருக்குப் படிக்க வருகிறாள். டோக்கன் கொடுக்கிற இடத்தில் ஒரு குண்டுப் பூனை எந்நேரமும் தூங்குகிறது. காய்ச்சலோடு ஒரு டிராகன் வருகிறது. அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஊசி என்றதும் நடுங்குகிறது, ஆஸ்பத்திரியே ஆடுகிறது. அப்போது கதவு திறந்து முதலில் ஒரு மூக்கு வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு நடுத்தர வயதுப் பொம்பளை.

வந்தவள் டிராகன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவித் தடவி நரம்பைத் தேடினாள். தேடிக்கொண்டே நரம்போடு பேச ஆரம்பித்தாள்.

"எங்கடா ஒளிஞ்சிட்டிருக்க? நேத்து இங்கதானே இருந்த? வாடா ராஜா, வந்துடு. உன்னைக் கடிச்சா திங்கப் போறேன்?"

நரம்பு வெட்கப்பட்டுக்கொண்டு மெல்ல மேலே வந்தது. அவள் ஊசியை ஏற்றினாள். டிராகன் கண்ணில் நீரோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. "ஊரையே கொளுத்தறவனுக்கு ஊசின்னா பயமா? மடக்காத கைய! அமுத்திப் பிடி!" என்று ஒரு மெத்தை அளவு பஞ்சை வைத்து அதட்டினாள்.

ஜட்ஜம்மா டிவிக்குக் கிட்டே போய் அந்தக் கையையே பார்த்தாள். "பட்டையத் தளர்த்திட்டு ஊசிய எடுத்தா. சரி. குழாயக் குலுக்கல, மெதுவா சாய்ச்சுச் சாய்ச்சு வைக்கறா. அதுவும் சரி. யாரோ பக்கத்துல இருந்து பார்த்துப் பண்ணியிருக்காங்க."

மகள் முகம் மலர்ந்தது. "அப்ப நிஜமா?"

"கை நிஜம்டி. ஆள்தான் சுத்தப் பொய். நானும் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இந்த வேலைதான் பார்க்கறேன். எவளாவது நரம்புகிட்ட பேசுவாளா? கழண்ட கேஸா அவ?"

சோபாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பார்த்தால் அப்பா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிங்க," என்றாள் ஜட்ஜம்மா.

பாகத்தின் கடைசியில் ஒரு காட்சி. வேலை முடிந்து அந்த மூக்குக்காரி கை கழுவுகிறாள். மேகத்துத் தண்ணீர், ஐஸ் மாதிரி. வெளியே பெஞ்சில் பள்ளிக்கூடப் பையோடு அவள் மகள் காத்திருக்கிறாள். மூக்குக்காரி ஓடி வந்து தொடவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறாள். குழந்தையும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைக்கிறாள்.

"இது எதுக்கு, கோழி மாதிரி நின்னுக்கிட்டு?" என்றாள் ஜட்ஜம்மா. "பெத்த பிள்ளையத் தொடறதுக்கு எவளாவது இவ்வளவு நேரம் நிப்பாளா? பொய்."

டிவி அணைந்தது. தீர்ப்பு கேட்கிற நேரம். ஜட்ஜம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டிராகன் நிஜம். ஊசியப் பார்த்ததும் மூஞ்சியத் திருப்பிச்சு பாரு, எங்ககிட்ட வர ஆம்பளைங்க அத்தனை பேரும் அப்படித்தான். பூனை நிஜம். சிறகுப் பொண்ணு ரொம்ப நிஜம், தப்புப் பண்ணிட்டு நகத்தைக் கடிக்கறா பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது நீ பண்ண ஆளுதானே?"

"இல்லம்மா. அது வேற ஒருத்தர் பண்ணது."

"அப்ப?"

மகள் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "மூக்குக்காரி."

ஜட்ஜம்மா கீழே போட்ட துண்டை எடுத்து மறுபடி மடித்தாள். சொன்னதை மாற்றிச் சொல்லலாம்தான். ஆனால் மாற்றிச் சொன்னால் இத்தனை வருஷமாகச் சொன்ன எதற்கும் மரியாதை இல்லாமல் போய்விடும், மகளே நம்ப மாட்டாள். "யார வெச்சுடீ அவளப் பண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் ஒரு தரம் அப்பாவைப் பார்த்தாள். "சும்மா, கற்பனைதான்," என்றாள். "பரவால்லம்மா. நீ கரெக்டாதான் சொல்லுவ. தூக்கிடறேன்."

மறுநாள் மகள் கிளம்பிப் போனாள். பஸ் ஏறும்வரை நன்றாகத்தான் பேசினாள், அதுதான் ஜட்ஜம்மாவை அறுத்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கலாம் நீ," என்றார் புருஷன், வீட்டுக்கு நடந்து வரும்போது.

"மகளா இருந்தா பொய்யை நிஜம்னு சொல்லணுமா?"

"நான் அப்படிச் சொல்லலியே." அவர் வாய்வரைக்கும் வந்த ஏதோ ஒன்றை விழுங்கினார். சொல்லக் கூடாதென்று மகள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள், பாவம் அவர் என்ன செய்வார்.

திங்கட்கிழமை. ரத்தம் எடுக்கிற அறை சின்னது. கைவைக்கப் பலகை போட்ட ஒரு நாற்காலி, பயன்படுத்திய ஊசியைப் போடுகிற டப்பா, கலர் கலராக மூடி போட்ட குழாய்கள், மூலையில் கை கழுவுகிற தொட்டி. வெளியே டோக்கன் கூப்பிடுகிற பெண்ணுக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ஜட்ஜம்மா காலையிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டோக்கன் பெண் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டதற்கு "வேலையப் பாரு" என்றாள்.

மத்தியானம் லாரிக்காரர் வந்தார். வருஷக்கணக்காக மாசாமாசம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர். மலை மாதிரி ஆள், நரம்பு மட்டும் கைக்குள் எங்கேயோ போய்ப் படுத்துக்கொள்ளும். வந்து உட்கார்ந்து கையை நீட்டிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜட்ஜம்மா பட்டையைக் கட்டி நரம்பைத் தேட ஆரம்பித்தால், கண்ணை மூடியபடியே கீச்சுக்குரலில் என்னவோ முனகுவார். "வர மாட்டேன் போ" என்பார். "எனக்குத் தூக்கம் வருது" என்பார். பயத்தில் மனுஷன் உளறுகிறார் என்று இவளும் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

"நேத்து இருந்த இடத்துல இல்ல, எதிர்வீட்டுக்குப் போயிட்டேன்," என்றார் லாரிக்காரர், கீச்சுக்குரலில்.

இருந்த எரிச்சலில் ஜட்ஜம்மா கேட்டேவிட்டாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஊசி போடறப்ப நீங்க தனியாப் பேசிக்கறீங்களே, இத டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

லாரிக்காரர் கண்ணைத் திறந்தார். "தனியாப் பேசறேனா? நானா?"

"பின்ன நானா?"

"நீதாம்மா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பகூட 'எங்கடா ஒளிஞ்சிட்டிருக்க, நேத்து இங்கதானே இருந்த'ன்னு கேட்டியே. பாவம், இந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு, அது பதிலே சொல்ல மாட்டேங்குதுன்னு நரம்பு சார்பா நான் ஒரு பதில் சொல்லிவைக்கறேன். எத்தனை வருஷமா நடக்குது! என்னம்மா இப்ப வந்து டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களாங்கற?"

ஜட்ஜம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். டோக்கன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா? நீங்க வேணும்னே விளையாடறீங்கன்னுல்ல நினைச்சோம். போன வாரம் ஒருத்தர் 'நான் நேத்து வரவே இல்லியே, ஆள் மாறிப்போச்சா'ன்னு என்கிட்ட வந்து பயந்துட்டுப் போறார்."

ஜட்ஜம்மாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாற்காலியில் டிராகன் உட்கார்ந்திருக்கிறது. மூக்குக்காரி நின்றுகொண்டிருக்கிறாள். மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, கையுறை போட்டிருந்ததால் முடியவில்லை. ஐயோ, பிள்ளை என்னைத்தானே வரைந்திருக்கிறது, என்னைத்தானே நான் கழண்ட கேஸ் என்றேன் என்று அவளுக்கு உறைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த அறைக்கு வெளியே வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக அது பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஞாபகம் வந்தது. பாடம் எழுதிக்கொண்டிருக்கிறது என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்!

மதியம் மீட்டிங் என்றாளே.

எடுத்த வேலையை முடித்தாள். ஊசியை உருவி, பஞ்சை வைத்து, லாரிக்காரரின் விரலையே அதன்மேல் அழுத்தி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவி, அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். வேலை நேரத்தில் அவள் போனைத் தொட்டு அந்த லேபில் யாரும் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் அடித்த பிறகு மகள் எடுத்தாள். குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். என்னாச்சு, அப்பாவுக்கு ஏதாவதா?"

"அவருக்கு என்ன, நல்லா இருக்கார். அவளத் தூக்கிட்டியா?"

"யார?"

"அந்த மூக்குக்காரியடீ! தூக்காத! நான் சொன்னது தப்பு. முழுத் தப்பு. நரம்புகிட்ட பேசறவங்க இருக்காங்க. நான்தான் பேசறேன்! எனக்கே இப்பதான் தெரியும். இங்க ஒரு ஆஸ்பத்திரிக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. உன் டைரக்டர்கிட்ட சொல்லு, வேணும்னா வந்து பார்க்கட்டும், நான் எங்க போயிடப் போறேன்..." இடையில் கண் நாற்காலிப் பக்கம் போனது. "அண்ணே! மடக்காதீங்க கைய! லாரி ஓட்டறவருக்கு ஒரு பஞ்சப் பிடிக்கத் தெரியாதா? அமுத்திப் பிடிங்க!"

போனில் திடீரென்று ஒரு பெரிய சிரிப்பு, ஒரு ஆள் சிரிப்பு இல்லை, ஒரு அறை நிறைய ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு.

"யாருடீ அங்க சிரிக்கறது?"

"அம்மா, நீ கத்தினது போனைத் தாண்டிக் கேட்டுது. அதான் ஸ்பீக்கர்ல போட்டேன்." மகளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, குரல் உடைந்து உடைந்து வந்தது.

ஒரு ஆண்குரல் கிட்டே வந்து பேசியது. "அம்மா, வணக்கம். நான்தான் அந்த டைரக்டர். அவங்க இருக்கட்டும்மா, நாங்க தூக்கல. இப்படி யாரும் இருக்க மாட்டாங்கன்னு இனிமே சொல்லவும் மாட்டேன்."

ஜட்ஜம்மாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. அதற்காகத் தீர்ப்பு சொல்கிற வழக்கத்தை விட்டுவிடுவாளா? "நல்லதுங்க. ஆனா ஒண்ணு. நரம்புகிட்ட பேசறது நிஜம், அதட்டறது நிஜம், ஒத்துக்கறேன். அந்தக் கடைசியில கோழி மாதிரி நிக்கறாளே, அது மட்டும் பொய்தான். அது நான் கிடையாது. அத எடுத்துடுங்க. மூக்கையும் கொஞ்சம் குறைச்சா தேவலை."

மகள் ஸ்பீக்கரை அணைத்தாள். "சரிம்மா, பார்க்கலாம்," என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே புருஷனைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கடையில் விற்பனை முடித்து வந்து, அவர் வழக்கம்போல் சோபாவில் நீட்டியிருந்தார்.

"பார்த்ததுமே உங்களுக்குத் தெரியும், இல்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா? என்னையும் கழண்ட கேஸுன்னிருப்ப." அவர் சாவகாசமாகத் திரும்பிப் படுத்தார். "நீ என்ன சொல்லு, எனக்கு அந்தப் பூனையத்தான் ரொம்பப் பிடிச்சுது. எந்த வம்புக்கும் போகாம, எவ்வளவு அமைதியா, கம்பீரமா..."

ஜட்ஜம்மா அவரையே பார்த்தாள். சோபாவையும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவளும் சொல்லவில்லை, ஒரு பதிலுக்குப் பதில் வேண்டாமா?

அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. ஜட்ஜம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. வாசல் மணி அடித்தது. "வந்துட்டா!" என்று அப்படியே கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடினாள். கதவைப் புருஷன் ஏற்கனவே திறந்துவிட்டிருந்தார். நனைந்த பையோடு மகள் மிதியடிமேல் நின்றாள்.

நின்றாள், உள்ளே வரவில்லை. முகத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு, பேசாமல், எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

"உள்ள வாயேன்டி, ஏன் அங்கயே..." என்று ஆரம்பித்த ஜட்ஜம்மா, அப்போதுதான் தன் கைகள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாள். இரண்டும் அக்குளில் இடுக்கியிருந்தன. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கை சூடாகிறவரை காத்துக்கொண்டு நிற்பது பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே அந்தப் பிள்ளைக்குப் பழக்கம்.

ஜட்ஜம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது. பின்னால் புருஷன் தலையணை இல்லாமலே இருமினார்.

"அந்தக் கோழி மாதிரி நிக்கறதத் தூக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"நல்லவேளை," என்றாள் ஜட்ஜம்மா. "இரு, இன்னும் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு."

மகள் முகத்தை இறக்காமல் நின்றாள்.